சிறுமிக்குத் தண்டனை! சூழ இருந்தோருக்கு?

2022 பிப்ரவரி 17. பெய்ஜிங் நகரத்துப் பனித்தளம். குளிர்கால ஒலிம்பிக்கில் மகளிர் தனிநபர் ஃபிகர் ஸ்கேட்டிங்கின் இறுதி நாள். இரண்டு நாள் முன்பு 82.16 புள்ளி பெற்று முதலிடத்தில் நின்ற ரஷ்யச் சிறுமி கமிலா வலியேவா, கடைசி ஆளாகக் களத்தில் இறங்குகிறாள். வயது 15. பத்து நாள் முன்புதான், அந்தரத்தில் நான்கு சுற்றுச் சுழன்று தரை தொட்ட முதல் பெண் என்று ஒலிம்பிக் வரலாற்றில் பெயர் பொறித்தவள். அன்று விழுந்தாள், எழுந்தாள், மறுபடியும் விழுந்தாள். நான்காம் இடம்!

அழுதபடி வெளியே வந்த பிள்ளையைப் பயிற்சியாளர் எதேரி டுட்பெரிட்சே கேட்டது என்ன தெரியுமா? ஏன் விட்டுவிட்டாய், ஏன் போராடவில்லை என்று! அதே பயிற்சியாளரின் மாணவி ஷெர்பகோவா தங்கம் வென்றும் தனியே நின்றாள். இன்னொரு மாணவி ட்ரூசோவா வெள்ளி வென்றும், இந்த விளையாட்டையே வெறுக்கிறேன் என்று கதறினாள். வெற்றி விழாவா அது, இழவு வீடா? ஒலிம்பிக் குழுத் தலைவர் தாமஸ் பாக்கே மறுநாள் மனம் கலங்கிப் பேசினார்.

வழக்குக்கு வருவோம். 2021 டிசம்பர் 25-இல் எடுத்த சோதனையில் அவள் உடலில் டிரைமெட்டாசிடின் இருந்தது. இதய நோயாளிக்குத் தரும் மருந்து. விளையாட்டில் தடை செய்யப்பட்டது. ஸ்டாக்ஹோம் ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்ததோ 2022 பிப்ரவரி 8-இல். அதாவது, ரஷ்யா அணிப் போட்டியில் முதலிடம் பெற்ற மறுநாள்! தாத்தாவின் மருந்து கலந்திருக்கலாம் என்றது அவள் தரப்பு.

இங்கேதான் வேடிக்கை. விளையாட்டு நடுவர் மன்றம் பிப்ரவரி 14-இல் என்ன சொன்னது? பதினாறு நிரம்பாத பிள்ளை, காக்கப்பட வேண்டியவள், ஆடட்டும் என்றது. அதே மன்றம் 2024 ஜனவரி 29-இல் என்ன சொன்னது? உள்நோக்கம் இல்லையென்று அவள் மெய்ப்பிக்கவில்லை, எனவே வளர்ந்தவருக்கு உள்ள தண்டனையே இவளுக்கும், நான்காண்டுத் தடை என்றது. ஆட வைக்கும்போது குழந்தை, அடிக்கும்போது பெரியவள்! சட்டத்தின் எழுத்து அப்படித்தான் இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும். பதினைந்து வயதுப் பிள்ளை தானே மருந்துக் கடைக்கு நடந்தாளா? பயிற்சியாளரையோ மருத்துவரையோ குற்றவாளி என்று இங்கே கூறவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் தண்டனை பெற்ற பெயர் ஒன்றே ஒன்று, அது அவள் பெயர்.

சிறுமிகளை ஏன் தேடுகிறார்கள்? இடுப்பு ஒடுங்கிய, எடை குறைந்த உடல் விரைவாகச் சுழலும். நாற்சுற்றுத் தாவலுக்குப் புள்ளி மிகுதி. பருவம் வந்து உடல் வளர்ந்தால் அந்தச் சுழற்சி கைநழுவும். 2014-இல் சோச்சியில் 15 வயதில் அணித் தங்கம் வென்ற லிப்னிட்ஸ்கயா, உணவை வெறுக்கும் நோய்க்கு ஆளாகி 2017-இல் விலகினாள். 2018-இல் 15 வயதில் தங்கம் வென்ற ஜகிதோவா, 2019 முடிவதற்குள் போட்டிக் களத்தை விட்டு ஒதுங்கினாள். இருவரும் அதே பட்டறையில் வார்க்கப்பட்டவர்கள்தாம்!

பன்னாட்டுச் சறுக்குக் கழகம் 2022 ஜூனில் விழித்தது. வயது வரம்பை 15-லிருந்து படிப்படியாக 17 ஆக்கியது. நல்லதுதான். ஆனால் பன்னிரண்டு வயதில் பனித்தளத்தில் பயிற்சி தருவதை எந்த வரம்பு தடுக்கிறது?

மாறாக, பதினாறு வயதில் விலகிச் சென்ற அமெரிக்கப் பெண் அலிசா லியு, தன் விருப்பப்படி திரும்பி வந்து, 2025-இல் பாஸ்டனில் உலகப் பட்டம் வென்றாள். வயது 19! வெண்கலம் வென்ற ஜப்பானின் சகமோட்டோவுக்கு பெய்ஜிங்கிலேயே 21. வளர்ந்த பெண்ணால் முடியாது என்பது யார் கட்டிய கதை?

பெய்ஜிங் அணிப் பதக்கங்கள் 2024 ஆகஸ்ட் 7-இல், பாரிசில், ஐஃபல் கோபுரத்தருகே வழங்கப்பட்டன: அமெரிக்கருக்குத் தங்கம், ஜப்பானியருக்கு வெள்ளி. வலியேவாவின் தடை 2025 டிசம்பர் 25-இல் முடிந்தது. அப்போது அவளுக்கு வயது 19. லிப்னிட்ஸ்கயா விடைபெற்ற அதே வயது.