துவாரம் சிறுத்தால் துலக்கமா?

பனிச்சங்கேணிக் களப்பைப் பழைய ரோலிபிளெக்ஸ் கருவியாற் படமெடுக்க விழையும் மாணவர் பலர், துவாரம் சிறுக்கச் சிறுக்கப் படம் துலங்குமென்று 22ஆம் எண்ணுக்கே திருப்பிவிடுகின்றனர். பாதி உண்மைதான். சைஸ் நிறுவனத்தார் 1902இல் ஆக்கிய டெஸ்ஸார் வகை வில்லை, 3.5இல் ஓரங்களில் மங்கும், சிறுக்கினால் தெளியும். ஆயின் ஒளி அலையன்றோ? 22இல் அது விளிம்பில் வளைந்து, புள்ளியை ஏறத்தாழ 0.03 மில்லிமீற்றர் வட்டமாக்கிவிடும், 8இல் 0.01 மட்டுமே. பெரும்பாலும் 8க்கும் 11க்கும் இடையிலேதான் கூர்மை உச்சம்.

வில்லைக்கு வில்லை வேறுபாடுமுண்டு. ஆதலின் கருவியை முக்காலியில் நிறுத்தி, கரையில் உலரும் வலையை 7 துவாரங்களிலும், நேரத்தை அதற்கேற்பக் கூட்டி எடுத்து, முடிச்சுகளை உருப்பெருக்கியாற் காண்போம். சுருளுக்குப் படங்கள் 12, மிஞ்சுவன 5. வீண்செலவென்பாருடன் நாம் உடன்படோம். காற்றில்லா வைகறையே ஏற்றது. வலை அசைந்தால் பழி வில்லைமேல் விழும்.