மறைக்கல்வி வகுப்பில் அந்தப் படம் எதற்கு?

2024 ஏப்ரலில் இடுக்கி மறைமாவட்டம், மறைக்கல்விக்கு வந்த 10 முதல் 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘தி கேரளா ஸ்டோரி’யைப் போட்டுக் காட்டியது. மதம் மாற்றப்பட்ட 32,000 பெண்கள் என்ற கணக்குக்கு ஆதாரம் இல்லை என்று படத்திலேயே அறிவிப்புப் போடுவதாக, தயாரிப்பாளரே 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட படம் அது. பிள்ளைகளை எச்சரிக்க வேறு வழியா இல்லை?

கிறிஸ்தவர்களின் அச்சம் வெறும் கற்பனை என்று நாம் சொல்லவில்லை. அதே இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழையில் உள்ள நியூமேன் கல்லூரியின் பேராசிரியர் டி.ஜே. ஜோசப்பின் வினாத்தாள் நபியை இழிவுபடுத்தியதாகக் கிளம்பிய கூட்டம், 2010 ஜூலை 4 அன்று, ஞாயிறு பூசை முடிந்து தாயோடும் சகோதரியோடும் திரும்பியவரின் வலக் கையை வெட்டியது. ஆனால் அந்த ஆண்டே அவரை வேலையை விட்டு நீக்கியது யார்? திருச்சபையின் கல்லூரி. ஓய்வுபெறச் சில நாட்களே இருந்தபோது, 2014 மார்ச் கடைசியில்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். வெட்டுப்பட்ட கையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

எர்ணாகுளம் மாவட்டக் கடலோரத்து முனம்பம் வேறு விஷயம். ஃபாரூக் கல்லூரியிடம் காசு கொடுத்து நிலம் வாங்கிய சுமார் 600 குடும்பங்கள், பெரும்பாலும் கத்தோலிக்க மீனவர்கள், அதை வக்ஃப் சொத்து என்று வக்ஃப் வாரியம் 2019இல் பதிவு செய்ததும் திண்டாடிப்போயின. நியாயமான குறைதான். 2024 நவம்பரில் கேரள முஸ்லிம் லீக் தலைவர் பாணக்காடு சாதிக் அலி சிகாப் தங்ஙள் வராப்புழை பேராயர் இல்லத்துக்கே போய்ப் பேசினார். ஆயர்களோ டெல்லியின் வக்ஃப் திருத்தத்தை நம்பினார்கள். 2025இல் சட்டம் வந்தது. முனம்பத்தாரின் கோர்ட் அலைச்சல் தீரவில்லை.

வெட்டியவனுக்குத் தண்டனை கேட்கலாம், நிலத்துக்குப் பட்டா கேட்கலாம். ‘ஜிகாத்’ என்று பெயர் சூட்டி ஒரு மதத்தையே கூண்டில் ஏற்றினால் யாரிடம் போய் எதைக் கேட்பது? 2020 ஜனவரியில் சீரோ மலபார் திருச்சபையின் ஆயர் மன்றம் ‘லவ் ஜிகாத்’ நடக்கிறது என்றது. மத்திய அமைப்புகள் எதுவும் அப்படியொரு வழக்கைத் தெரிவிக்கவில்லை என்று அடுத்த மாதமே மக்களவையில் பதில் வந்தது, சொன்னது பா.ஜ.க. அமைச்சர். அதன் பிறகும் 2021இல் பாலா ஆயர் ‘போதை ஜிகாத்’ என்றார். முஸ்லிம்களை மதிப்போடு நோக்கச் சொன்ன 1965 வத்திக்கான் சங்க ஏடு இவர்கள் நூலகத்தில் இல்லையா?

இடுக்கியில் அந்தப் படத்தைக் காட்டிய சில நாளிலேயே, வைப்பின் சாஞ்சோபுரம் பங்கு பிள்ளைகளுக்கு மணிப்பூர் கலவரம் பற்றிய ஆவணப்படத்தைக் காட்டியது. திருச்சபைக்குள்ளேயே மாற்றுக் குரல் உண்டு. இடுக்கி மறைமாவட்டம் அந்தப் படக்காட்சி தவறென்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். முதலமடைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் வரும் பாலக்காடு, சுல்தான்பேட்டை மறைமாவட்டங்கள், போப் பிரான்சிஸும் அல் அஸ்ஹர் இமாமும் 2019இல் அபுதாபியில் கையெழுத்திட்ட சகோதரத்துவ ஆவணத்தை அடுத்த கோடை மறைக்கல்வியில், தமிழிலும் மலையாளத்திலும், பாடமாக வைக்கட்டும்.