திரைப் பெயரும் தமிழ் எழுத்தும்

எழுத்தைக் கண்ணென மதித்த மரபு தமிழருடையது. எழுதுகோலைக் கொண்டு கற்பித்த இறைவனின் அருளைக் கூறும் வசனங்களை முதல் வெளிப்பாடாகப் பெற்ற சமுதாயம் நம்முடையது. இவ்விரு மரபுகளுக்கும் உரிய நாம், வீதிதோறும் நம் கண்ணிற்படும் ஓர் எழுத்தைப் பற்றிச் சிந்திப்பதே இல்லை. திரைப்படப் பெயரின் எழுத்தே அது.

கல்லூரி மலரில் திரைப்படப் பேச்சு எதற்கு எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். படத்தைப் பார்ப்பதும் பாராததும் அவரவர் விருப்பம். ஆயின், சுவரொட்டியைப் பாராது தெருவில் நடத்தல் இயலாது. பள்ளி செல்லும் சிறுவன் பாடநூலுக்கு வெளியே பேரளவிற் காணும் தமிழ் எழுத்துகளுள் அதுவும் ஒன்றன்றோ?

திரைப் பெயரின் எழுத்து இரு பணிகளைச் செய்கிறது: பெயரை அறிவிக்கிறது, கதையின் சுவையைக் குறிப்பால் உணர்த்துகிறது. தடித்து நிமிர்ந்த எழுத்து வீரத்தையும், நெளிந்து வளைந்த எழுத்து மென்மையையும், சிதைந்த எழுத்து அச்சத்தையும் காட்டும். கணினி வருவதற்கு முன்னர், இவற்றையெல்லாம் ஓவியர்கள் தூரிகையால் எழுதினர். அவர்களுள் பலருடைய பெயரை நாம் அறியோம்.

எழுத்தின் வரலாற்றையும் திரைப் பெயர்கள் நினைவூட்டுகின்றன. 1966இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த படம் 'பெற்றால்தான் பிள்ளையா'. அந்நாளைய பொதுவழக்கில் இப்பெயரை எழுதினால், 'றா' தனிக்கால் பெறாது சுழிந்து இணைந்து நிற்கும். 'ளை' யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் நிற்கும். பெரியார் 1935 முதல் தம் ஏட்டில் வழங்கிவந்த சீர்திருத்த எழுத்துகள் பலவற்றை 1978இல் தமிழ்நாட்டரசு ஆணையிட்டு ஏற்றது. அன்று முதலமைச்சராக இருந்தவரும் அதே எம்.ஜி.ஆர். அவர்களே! பழைய சுவரொட்டியும் எழுத்து வரலாற்றுக்குச் சான்றாதல் இதனால் விளங்கும்.

அழகின் பெயரால் எழுத்தைச் சிதைப்பதையே நாம் மறுக்கிறோம். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் வகுத்தது. அப்புள்ளியின் இடத்தில் விண்மீனோ குருதித் துளியோ அமையுமாயின் குற்றமில்லை. அது கலைஞனின் உரிமை. புள்ளியே மறையுமாயின், 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். ஆங்கில எழுத்தின் சாயலை வலிந்து புகுத்தி, 'ர'கரமும் காலும் வேறுபாடின்றி நிற்குமாயின், புதிதாய்ப் படிக்கக் கற்கும் குழந்தை திகைக்கும். 2006இல் தமிழ்ப் பெயர் சூட்டிய படங்களுக்கு அரசு கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. சில படங்கள் பெயரை மாற்றிக்கொண்டன. பெயரைத் தமிழாக்கச் சலுகை உதவலாம். எழுத்தைச் செம்மையாக்க நம் விழிப்பே வேண்டும்.

எழுத்து திரையிலிருந்து நீங்குவதன் பொருளை இந்திப் படங்களிற் காணலாம். 1950, 60களில் வெளிவந்த இந்திப் படங்கள் பலவற்றில் தேவநாகரி, உருது, ஆங்கிலம் என மூவகை எழுத்தில் பெயர் தோன்றியது. மூவகை வாசகரையும் வருகவென அழைத்த பண்பு அது. பின்னர் உருது எழுத்து பெரிதும் அருகியது. பேச்சிலும் பாட்டிலும் உருதுச் சொற்கள் ஒலித்துக்கொண்டே இருக்க, எழுத்து மட்டும் விடைபெற்றது. ஒலி வாழ்வதால் எழுத்தும் வாழும் என எண்ணியிருத்தல் பேதைமை.

மாணவர்களே, உங்கள் ஊர்ச் சுவர்களில் எழுதிய ஓவியர்களைத் தேடிச் செல்லுங்கள். அவர்தம் எழுத்துகளைப் படமெடுத்துத் தொகுங்கள். தமிழ்த்துறைகள் அத்தொகுப்புகளைப் போற்றிக் காக்கட்டும். ஓலைச்சுவடி தேடிய பெரியோர் வழிவந்த நமக்கு, சுவரொட்டி தேடுவதும் தமிழ்ப்பணியே.