எடைக்குக் கூலி கொடுத்தால் குப்பை குறையாது

தூய்மை இந்தியா இயக்கம் 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. நகரங்களுக்கான அதன் இரண்டாம் கட்டம் 2021 அக்டோபர் 1 அன்று துவக்கப்பட்டபோது, “குப்பையில்லா நகரங்கள்” என்பது இலக்காக முன்வைக்கப்பட்டது. துடைப்பம் ஏந்திய புகைப்படங்கள், நகரங்களைத் தரவரிசைப்படுத்தும் போட்டிகள், சுவர் விளம்பரங்கள் என எதற்கும் குறைவில்லை. குப்பைதான் குறையவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21ஆம் ஆண்டுக் கணக்கின்படியே, நாட்டில் நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சத்து 60 ஆயிரம் டன் திடக்கழிவு சேர்கிறது. அதில் ஏறத்தாழ பாதிதான் பதப்படுத்தப்படுகிறது. மீதியில் ஒரு பகுதி கிடங்குகளில் குவிகிறது. இன்னொரு பகுதி எந்தக் கணக்கிலும் வராமல் நீர்நிலைகளுக்கும் தரிசு நிலங்களுக்கும் போய்ச் சேர்கிறது.

அப்படிக் குவிந்தது என்னவாகும் என்பதற்குத் தலைநகர் தில்லியின் காஜிப்பூர் சாட்சி. 1984இல் தொடங்கப்பட்ட அந்தக் கிடங்கு 2002லேயே நிரம்பிவிட்டது. ஆயினும் குப்பை கொட்டுவது நிற்கவில்லை. 2017 செப்டம்பர் 1 அன்று அந்தக் குப்பை மலையின் ஒரு பகுதி சரிந்து இருவர் உயிரிழந்தனர். இத்தகைய மலைகள் எந்த நகரத்திலும் செல்வந்தர்களின் குடியிருப்புகளுக்கு அருகில் எழுவதில்லை. உழைக்கும் மக்களின் குடிசைகளுக்கு அருகிலும், நகரத்தை ஒட்டிய கிராமப் பஞ்சாயத்துகளின் நிலத்திலுமே எழுகின்றன. ஒரு வர்க்கத்தின் நுகர்வு மற்றொரு வர்க்கத்தின் வாசலில் கழிவாகக் கொட்டப்படுகிறது.

இதற்குத் தீர்வாக ஆட்சியாளர்கள் முன்வைப்பவை இரண்டு. ஒன்று, மக்களுக்கு உபதேசம். மற்றொன்று, தனியாருக்கு ஒப்பந்தம். குப்பையைக் குறைப்பது என்ற கேள்வியை இரண்டுமே தொடுவதில்லை.

முதலில் ஒப்பந்தத்தைப் பார்க்கலாம். பெருநகரங்களில் குப்பை அகற்றும் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்படும்போது, அள்ளிச் சேர்க்கும் ஒவ்வொரு டன்னுக்கும் இவ்வளவு ரூபாய் என்பதே வழக்கமான ஏற்பாடாக இருந்து வந்துள்ளது. குப்பை கூடினால் நிறுவனத்தின் வருமானம் கூடும், குறைந்தால் குறையும். இப்படிப்பட்ட நிறுவனம் வீட்டிலேயே உரமாக்கலை ஊக்குவிக்கும் என்றோ, காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் என்றோ எதிர்பார்ப்பதில் பொருளில்லை. கட்டட இடிபாடுகளையும் மண்ணையும் கலந்து எடையைக் கூட்டுவதாகப் பல நகரங்களில் புகார்கள் எழுந்ததில் வியப்பும் இல்லை. அந்த ஒப்பந்தத்தின் தர்க்கமே அதுதான்.

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் இதே தர்க்கத்தின் அடுத்த கட்டம். 1987இல் தில்லி திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்துடன் நாளொன்றுக்கு 300 டன் எரிக்கும் உலை ஒன்று நிறுவப்பட்டது. சில வாரங்களில் அது முடங்கியது. காரணம் எளிமையானது. இந்தியக் குப்பையில் ஏறத்தாழ பாதி சமையலறைக் கழிவு. அதில் ஈரம் அதிகம், வெப்பத்திறன் குறைவு. அதிலிருந்து பாடம் கற்பதற்குப் பதிலாக ஓக்லா, காஜிப்பூர், நரேலா-பவானா என்று மேலும் ஆலைகள் எழுந்தன. ஓக்லாவில் குடியிருப்புகளுக்கு நடுவே அமைந்த ஆலையின் புகைக்கு எதிராக மக்கள் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கினர். இந்த உலைகளில் நன்றாக எரிபவை பிளாஸ்டிக், காகிதம், அட்டை ஆகியவைதான். மறுசுழற்சிக்குப் போக வேண்டியவையும், குப்பை பொறுக்கும் ஏழைத் தொழிலாளியின் பிழைப்பாக இருப்பவையும் அவையே. நாள்தோறும் குறிப்பிட்ட அளவு குப்பை தருவதாக நீண்ட கால ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மாநகராட்சி, குப்பையைக் குறைக்க மாட்டோம் என்றே கையெழுத்திடுகிறது.

அடுத்தது உபதேசம். பொறுப்பற்ற நுகர்வோரே குற்றவாளி என்பதுதான் அரசு விளம்பரங்களின் சாரம். தினக்கூலி பெறும் பெண் ஒருவர் ஷாம்புவையும் எண்ணெயையும் சிறு பொட்டலத்தில் வாங்குகிறார் என்றால், பெரிய பாட்டிலுக்கான பணம் ஒருசேர அவர் கையில் இல்லை என்பதே காரணம். அந்தப் பொட்டலத்தைத் தேர்ந்தெடுத்தது அவரல்ல. அதை வடிவமைத்துக் கோடிக்கணக்கில் சந்தையில் இறக்கியது நிறுவனம். 2022 ஜூலை 1 முதல் ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்திய தடை உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு போன்ற ஒருமுறைப் பொருட்களைத் தொட்டது. அபராதம் விதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தெருவோர வியாபாரிகளும் சிறு கடைக்காரர்களும்தான். பெருநிறுவனங்களின் சிப்ஸ், பிஸ்கட், ஷாம்பு பொட்டலங்கள் தடைக்கு வெளியே நின்றன. பல அடுக்குப் பிளாஸ்டிக்கைப் படிப்படியாக ஒழிப்பதற்காக 2016 விதிகளில் இருந்த பிரிவு 2018இல் திருத்தப்பட்டு, எரிக்கவோ வேறு எதற்கோ பயன்படும் என்றால் தொடரலாம் என்ற அளவுக்கு நீர்த்துப்போனது.

உற்பத்தியாளரின் விரிவுபடுத்தப்பட்ட பொறுப்பு என்ற பெயரில் 2022இல் வந்த ஏற்பாட்டின் கீழ், நிறுவனங்கள் மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கித் தம் கடமையை முடித்துக்கொள்ளலாம். போலிச் சான்றிதழ்கள் புழங்கியதை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கண்டறிய நேர்ந்தது. அந்தப் பொட்டலங்களை வீடு வீடாகச் சேகரிக்கும் உள்ளாட்சிக்கும் தொழிலாளிக்கும் அதிலிருந்து பங்கு வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. லாபம் நிறுவனத்துக்கு, செலவு நகராட்சிக்கு, பழி மக்களுக்கு!

உள்ளாட்சிகளால் வேறு விதமாகச் செயல்பட முடியுமா? முடியும் என்பதற்கு நாட்டில் எடுத்துக்காட்டுகள் உண்டு.

கேரளத்தின் ஆலப்புழை நகரம் தன் குப்பையை அருகிலுள்ள சர்வோதயபுரத்தில் கொட்டி வந்தது. அங்குள்ள மக்கள் 2012இல் வண்டிகளைத் தடுத்து நிறுத்தினர். வேறொரு கிராமத்தைத் தேடிப் போவதற்குப் பதிலாக, குப்பை உருவாகும் இடத்திலேயே அதைத் தீர்ப்பது என்று முடிவெடுக்கப்பட்டது. அன்று அப்பகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த தோழர் தாமஸ் ஐசக்கின் முன்முயற்சியில் “நிர்மல பவனம், நிர்மல நகரம்” இயக்கம் தொடங்கியது. வீடுகளுக்கு மானியத்தில் குழாய் உரத்தொட்டிகளும் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்களும் வழங்கப்பட்டன. இடமில்லாத வீடுகளுக்காகத் தெருமுனைகளில் தும்பூர்முழி முறையிலான காற்றோட்ட உரத்தொட்டிகள் அமைக்கப்பட்டன. விலையுயர்ந்த எந்திரம் எதுவும் இதில் இல்லை. வீடு வீடாகச் சென்று பேசிய தொண்டர்களும், பொறுப்பேற்ற வார்டுகளும்தான் இதன் பலம். கழிவு மேலாண்மையில் முன்மாதிரியான ஐந்து நகரங்களுள் ஒன்றாக 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு ஆலப்புழையைக் குறிப்பிட்டது.

அதன் பின்னர் அந்த மாநிலத்தின் உள்ளாட்சிகளில் ஹரித கர்ம சேனை என்ற பெண்கள் படை உருவாக்கப்பட்டது. குடும்பஸ்ரீயிலிருந்து வந்த அந்தப் பெண்கள் வீடு வீடாகச் சென்று மக்காத குப்பையைச் சுத்தமாகப் பிரித்துப் பெற்றுச் சேகரிப்பு மையங்களில் தரம் பிரிக்கின்றனர். நுகர்வு முறையை மாற்றும் முயற்சியும் நடந்தது. 2015இல் கேரளத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் ஒருமுறைத் தட்டுகளும் குவளைகளும் தவிர்க்கப்பட்டுக் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரங்கள் புழக்கத்துக்கு வந்தன. அந்தப் “பசுமை நடைமுறை” பின்னர் திருவிழாக்களுக்கும் திருமணங்களுக்கும் அரசு நிகழ்ச்சிகளுக்கும் விரிந்தது.

அதே கேரளம் மறுபக்கப் பாடத்தையும் தந்துள்ளது. கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கில் 2023 மார்ச் 2 அன்று பற்றிய தீ, பத்து நாட்களுக்கும் மேலாக நகரத்தைப் புகையில் மூழ்கடித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஐக்கிய ஜனநாயக முன்னணி, இடது ஜனநாயக முன்னணி இரண்டின் நிர்வாகக் காலங்களிலும் அங்கே பிரிக்கப்படாத குப்பை ஒரே இடத்தில் குவிக்கப்பட்டது. எந்தக் கொடி பறந்தாலும், குப்பையை மையப்படுத்தி ஒப்பந்ததாரரை நம்பியிருக்கும் நிர்வாகம் அதே தீயில்தான் போய் நிற்கும். அந்தப் புகைக்குப் பிறகே மாநிலம் முழுவதும் தரம் பிரித்தலும் வீடுதோறும் சேகரிப்பும் புதிய வேகம் பெற்றன.

புனே நகரின் அனுபவம் தொழிலாளர் தரப்பிலிருந்து வந்தது. 1993இல் குப்பை பொறுக்குவோர் தொழிற்சங்கமாக ஒன்றுதிரண்டனர். அந்தச் சங்கத்திலிருந்து 2008இல் “ஸ்வச்” என்ற கூட்டுறவு அமைப்பு பிறந்தது. மாநகராட்சியுடன் உடன்பாடு செய்துகொண்டு அதன் உறுப்பினர்களே வீடுகளிலிருந்து குப்பையைச் சேகரிக்கின்றனர். பிரித்தெடுத்த பொருளை விற்கும் உரிமையும் அவர்களுக்கே. பிரிப்பதில்தான் அவர்களின் வருமானம் இருக்கிறது. அதனால் கிடங்குக்குப் போகும் அளவு குறைகிறது. எடைக்குக் கூலி பெறும் நிறுவனத்தின் நலனும், பொருளைக் காப்பாற்றி வாழும் தொழிலாளியின் நலனும் எதிரெதிர்த் திசையில் செல்வதை இதைவிடத் தெளிவாகக் காண முடியாது. ஆயினும் அந்த உடன்பாடு காலாவதியாகும் ஒவ்வொரு முறையும் தனியாருக்குத் தூக்கிக் கொடுக்கும் பேச்சு எழுகிறது. தொழிலாளர்கள் மீண்டும் போராட வேண்டியிருக்கிறது.

இந்த வேலையைச் செய்வோரில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களில் கணிசமானோர் பெண்கள். சென்னையில் 2025 ஆகஸ்டில் இரு மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் இரவும் பகலும் அமர்ந்த தொழிலாளர்களை நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்தியது. ஊரைச் சுத்தமாக வைத்திருக்கும் கரங்களுக்குப் பணிப் பாதுகாப்பை மறுத்துவிட்டு நீடித்த நகரம் பற்றிப் பேசுவது பொய். இந்த அளவுகோல் எல்லோருக்கும் பொருந்தும். ஹரித கர்ம சேனைப் பெண்களின் வருமானம் வீடுகள் தரும் பயனர் கட்டணத்தையே பெரிதும் நம்பியிருப்பதும், அவர்கள் உள்ளாட்சியின் ஊழியர்களாக ஏற்கப்படாமல் இருப்பதும் தீர்க்கப்பட வேண்டிய பிரச்சனைகளே.

உள்ளாட்சிகள் செய்யக்கூடியவை பல இருந்தும் செய்யாமல் இருப்பதற்கு அக்கறையின்மை மட்டும் காரணமல்ல. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் திடக்கழிவு மேலாண்மையைப் பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிகளின் பணியாக வைத்தது. பணி வந்தது, பணம் வரவில்லை. இந்திய நகராட்சிகளின் மொத்த வருவாய் நாட்டின் உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 1 சதவீதம்தான் என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. பிரேசிலில் இது 7 சதவீதத்துக்கும் மேல். ஜிஎஸ்டி வந்தபின் நுழைவு வரி போன்ற சொந்த வருவாய்களும் பறிபோயின. ஊழியரை நியமிக்க நிதியில்லாத நகராட்சியின் முன் ஒன்றிய அரசின் திட்டங்கள் “தனியார் கூட்டு” என்ற நிபந்தனைக் காகிதத்தை நீட்டுகின்றன. 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தின் வழியே மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குக் கிடைத்திருக்காவிட்டால், ஆலப்புழையின் வழியை ஒரு மாநிலமே பின்பற்றுவது எளிதாக இருந்திருக்காது.

ஆகவே இடதுசாரி இயக்கம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் திட்டவட்டமானவை. எடைக்குப் பணம் தரும் ஒப்பந்தங்கள் கைவிடப்பட வேண்டும். தூய்மைப் பணி உள்ளாட்சியின் நேரடிப் பொறுப்பில், நிரந்தரத் தொழிலாளர்களைக் கொண்டு நடக்க வேண்டும். குப்பை பொறுக்குவோர் அடையாள அட்டையுடனும் கூட்டுறவுடனும் அதில் இணைக்கப்பட வேண்டும். 2016 விதிகளே அவர்களை ஒருங்கிணைக்கக் கூறின. மக்கும் குப்பை வார்டு எல்லையைத் தாண்டாமல் உரமாகி, கூட்டுறவுச் சங்கங்கள் வழியே விவசாயிக்குச் சேர வேண்டும். நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் ஹோட்டல்கள், வணிக வளாகங்கள் ஆகியவற்றின் மீதான சட்டக் கடமை, தெருவோர வியாபாரியின் மீது காட்டப்படும் அதே கண்டிப்புடன் நிறைவேற்றப்பட வேண்டும். பொட்டல நிறுவனங்களிடமிருந்து வரும் தொகை சேகரிக்கும் உள்ளாட்சிக்கே போக வேண்டும். பயனர் கட்டணம் விதிக்கப்படும் இடங்களில் வறிய குடும்பங்களுக்கு விலக்கு அளிக்கப்பட வேண்டும்.

நுகர்வை மாற்றுவதும் பொது வசதியிலிருந்தே தொடங்க முடியும். பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் மருத்துவமனையிலும் நல்ல குடிநீர்க் குழாய் இல்லாத ஊரில் தண்ணீர் பாட்டில் வாங்காதே என்பது வெறும் பேச்சு. சிக்கிம் அரசு 2016இல் அரசு அலுவலகங்களிலும் நிகழ்ச்சிகளிலும் தண்ணீர் பாட்டில்களை நிறுத்தியது. ஒவ்வொரு பஞ்சாயத்தும் வாடகைக்குப் பாத்திரங்கள் வைத்திருப்பதும், மகளிர் குழுக்களுக்குத் துணிப்பை ஆணைகள் தருவதும், பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்குச் சந்தையில் இடம் ஒதுக்குவதும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. கழிவைக் குறைப்பதோடு, உள்ளூரில் வேலையையும் அவை தரும்.

கட்சியின் மாமன்ற, நகர்மன்ற, பஞ்சாயத்து உறுப்பினர்கள் தங்கள் பகுதியின் குப்பை ஒப்பந்த நகலைப் பெற்று, அதில் எதற்குப் பணம் தரப்படுகிறது என்பதை வார்டு குழுவிலும் கிராம சபையிலும் மக்கள் முன் படித்துக்காட்ட வேண்டும். கட்சியின் மாநாடுகளும் வர்க்க, வெகுஜன அமைப்புகளின் கூட்டங்களும் பிளெக்ஸ் பதாகையும் பிளாஸ்டிக் குவளையும் இல்லாமல் நடைபெற வேண்டும். தூய்மைத் தொழிலாளர் சங்கமும் குடியிருப்போர் அமைப்புகளும் ஒரே மேடையில் நிற்பதற்கான வேலையை ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் உடனடியாகத் தொடங்க வேண்டும்.