நம்பிக்கைக்கு வேவு ஈடாகுமா?

வேலை கொடுப்போருக்கும் வேலை செய்வோருக்கும் இடையே ஒரு புதிய ஒற்றன் வந்து அமர்ந்திருக்கிறான். அவன் மனிதனல்லன், மென்பொருள். கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் குமாஸ்தா எத்தனை முறை விசையைத் தட்டினான், சுட்டியை எப்பொழுது அசைத்தான், எந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான் என்பவற்றையெல்லாம் அது கணக்கெடுக்கிறது. இடையிடையே திரையைப் படம் பிடித்து மேலதிகாரிக்கு அனுப்புகிறது. சில நிமிஷம் கை ஓய்ந்தால், "சும்மா இருந்தான்" என்று குறித்து வைக்கிறது. 2020ஆம் வருஷத்தில் கொரோனாத் தொற்றினால் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் வீட்டிலிருந்தே வேலை செய்ய நேர்ந்தபோது இவ்வொற்றனுக்குக் கிராக்கி பெருகிற்று. தொற்று தணிந்த பின்னும் அவன் விடைபெற்றுப் போகவில்லை.

முதலாளிமார் சொல்லும் நியாயம் நாம் அறியாததன்று. "கூலி கொடுக்கிறோம், வேலைக்குக் கணக்குக் கேட்கக் கூடாதா?" என்கிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். ஆஜர் புஸ்தகமும் மேஸ்திரியும் இன்று நேற்று ஏற்பட்டவையல்ல. ஆனால் மேஸ்திரி தொழிலாளியைப் பார்க்கும்பொழுது தொழிலாளியும் மேஸ்திரியைப் பார்க்கிறான். அநியாயம் நேர்ந்தால் அவனிடம் முறையிடலாம், வாதாடலாம். "குழந்தைக்குக் காய்ச்சல், இரவெல்லாம் தூக்கமில்லை" என்றால் அவனுக்குப் புரியும். மென்பொருளோ தான் மறைந்திருந்து பிறரைப் பார்ப்பது. அதனிடம் முறையீடு ஏது?

அன்றியும், அது அளப்பது வேலையையன்று, எண்ணக்கூடியதை மட்டுமே. ஒரு கணக்கில் பிழை எங்கே என்று கால்மணி நேரம் கை கட்டி யோசிப்பவன் அதன் கண்ணுக்குச் சோம்பேறி. அர்த்தமின்றி விசையைத் தட்டிக்கொண்டிருப்பவன் உழைப்பாளி. இப்படிப்பட்ட தராசைக் கொண்டு நிறுத்தால் விளைவது என்ன? அமெரிக்காவில் வெல்ஸ் பார்கோ பாங்கி 2024ஆம் வருஷத்தில் 12க்கு மேற்பட்ட சிப்பந்திகளை, விசைப்பலகை இயங்குவதுபோல் பாசாங்கு செய்தார்கள் என்று சொல்லி வேலையினின்று நீக்கிற்று. ஆளில்லாமலே சுட்டியை அசைத்துக்கொண்டிருக்கும் சிறு கருவிகள் இன்று கடையில் விலைக்குக் கிடைக்கின்றன. ஏமாற்றுவதை நாம் ஆதரிக்கவில்லை. ஆயினும், தன்னைத் திருடனென்று எண்ணிக் காவல் வைத்தவனிடம் ஒருவன் எதற்காக விசுவாசம் காட்டுவான்? லண்டனில் பார்க்ளேஸ் பாங்கி இத்தகைய மென்பொருளைப் பரீட்சித்துப் பார்த்து, சிப்பந்திகளின் எதிர்ப்பு எழுந்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. நஷ்டமான நம்பிக்கையை மென்பொருள் ஈட்டித் தராது என்பதற்கு இவை போதிய சாக்ஷியாகும்.

இது கணிப்பொறிக் குமாஸ்தாக்களின் கஷ்டம் மட்டுமே என்று எண்ண வேண்டாம். நம் தேசத்தில் இவ்வேவு முதலில் தீண்டியவர்களில் தெருக் கூட்டும் தொழிலாளிகளும் உண்டு. 2020ஆம் வருஷத்தில் சண்டிகர் நகரசபை தன் துப்புரவுத் தொழிலாளிகளின் கையில், அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று அலுவலகத்துக்கு அறிவிக்கும் கடிகாரங்களைக் கட்டியது. தொழிலாளிகள் அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். நாகபுரி முதலிய வேறு நகரங்களிலும் இம்முறை புகுந்தது. தொழிலாளி இடத்தை விட்டு நகர்ந்ததை அக்கடிகாரம் அறியும். அவனுக்குக் கையுறை கொடுக்கப்பட்டதா, கூலி உரிய தேதியில் கிடைத்ததா என்பதை அது அறியாது.  கீழே இருப்பவன்மீதே சந்தேகம் முதலில் பாய்கிறது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ?

தமிழர்களுக்கு இச்சந்தேகத்தின் சரித்திரம் நன்கு தெரியும். பிரிட்டிஷ் சர்க்கார் 1871ல் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் வருஷத்துத் திருத்தத்திற்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அமலாயிற்று. யாதொரு குற்றமும் செய்யாதவர்கள் கைரேகை பதித்து, போலீஸ் சாவடியில் ஆஜர் கொடுக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 1920 ஏப்ரல் 3ந் தேதி, ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் ஜனங்கள் துப்பாக்கிக்கு இரையானார்கள். 1947ல்தான் நம் மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. அக்கொடுமையும் இன்றைய கடிகாரமும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் வேர் ஒன்றே. குற்றமற்றவன் தன் நிரபராதத்தை நாள்தோறும் தானே நிரூபிக்க வேண்டும் என்பதே அவ்வேர். அந்நியன் போன பின் அதற்கு நாமே நீர் வார்ப்பது சுதந்திர தேசத்துக்கு அழகாகுமா?

அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆனால் 2023ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ தன் 7ஆம் பிரிவில் வேறு வழி திறந்து வைக்கிறது. உத்தியோக சம்பந்தமான காரியங்களுக்காகவும், தன்னை நஷ்டத்தினின்று காத்துக்கொள்வதற்காகவும், முதலாளி தொழிலாளியின் விவரங்களை அவன் சம்மதமின்றியே கையாளலாமாம்! இவ்வளவு அகன்ற வாசலில் எந்த ஒற்றன்தான் நுழைய முடியாது?

பிற தேசங்களில் வழி இல்லாமலில்லை. இத்தாலி 1970ல் இயற்றிய தொழிலாளர் சட்டத்தின் 4ஆம் பிரிவு, தூரத்திலிருந்து தொழிலாளியைக் கண்காணிக்க வல்ல கருவிகளை வைக்க, தொழிலாளர் பிரதிநிதிகளின் உடன்படிக்கையோ தொழில் இலாகாவின் அநுமதியோ வேண்டுமென்று விதித்தது. 2015ல் சில தளர்வுகள் செய்யப்பட்டும் அதன் அடிப்படை நிலைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2022 ஜனவரி முதல் அமலில் உள்ள சட்டப்படி, பெரிய பண்டகசாலைகளின் முதலாளிகள் வேலை அளவு இவ்வளவு என்று தொழிலாளிக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். உணவுக்கும் ஓய்வுக்கும் மலஜலத்துக்கும் போக முடியாதபடி அளவு வைக்கலாகாது.

நம் தேசத்திலும் சட்டம் நான்கு விஷயங்களை உறுதி செய்தாக வேண்டும். என்ன அளக்கப்படுகிறதென்பது தொழிலாளிக்குத் தெரிய வேண்டும். சங்கத்துடன் கலந்து பேசாமல் கண்காணிப்பு மென்பொருள் புகலாகாது. வேலை நேரம் முடிந்ததும் கண்காணிப்பும் முடிய வேண்டும். மென்பொருளின் எண்ணை மட்டும் ஆதாரமாகக் கொண்டு ஒருவன் கூலியைக் குறைப்பதோ, அவனை விலக்குவதோ கூடாது. மனிதன் விசாரித்து, மனிதன் பதில் சொல்லும் இடம் இருந்தே தீர வேண்டும்.

தொழிற்சங்கங்கள் கூலியையும் போனஸையும் மட்டும் பேசி நின்றுவிடாமல் இதையும் தம் கோரிக்கைப் பத்திரத்தில் சேர்க்கட்டும். சட்டசபைகளில் தொழிலாளர் பெயரைச் சொல்லி அமர்ந்திருப்போர் 7ஆம் பிரிவைத் திருத்தக் குரல் எழுப்பட்டும். சந்தேகத்தின்மீது எழுப்பிய தொழில் ஒரு நாளும் செழிக்காது.