காது உரல் அல்ல

நல்ல சத்தம் என்றால் பெரிய சத்தம் என்று நம் ஜனங்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். யாரோ என்ன, யாரோ? ஹெட்போன் விற்கிறவர்கள்தாம் சொல்லிக் கொடுத்தார்கள். எந்தக் கடையிலாவது போய் ஒரு ஹெட்போன் கேட்டுப் பாருங்கள். "இதிலே பாஸ் நல்லா இருக்கும், சார்" என்பதுதான் முதல் வார்த்தை. பாஸ் என்பது அடித் தொனி. அது 'நல்லா' இருக்கும் என்றால் அதிகமாக இருக்கும் என்று அர்த்தம். மிருதங்கமும் தவிலும் சினிமாப் பாட்டின் டிரம்மும் வித்தியாசமில்லாமல் 'தும், தும்' என்று மண்டையில் விழும். அப்படி இடிப்பதற்குக் காது என்ன, உரலா?

எங்கள் வெண்ணந்தூர்ப் பக்கத்து நெசவாளி ஒருவரிடம் இந்த வாதத்தைச் சொன்னால் சிரிப்பார். கனமான துணிதான் நல்ல துணி என்று எந்தத் தறிக்காரரும் சொல்லிக் கேட்டதில்லை. நூல் எத்தனாம் நம்பர் என்றுதான் விசாரிப்பார். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்துவிட்டு அப்புறம்தான் அபிப்பிராயம் சொல்லுவார். துணிக்கு இருக்கிற இந்த நியாயம் சங்கீதத்துக்கு மட்டும் இல்லாமல் போனது ஏன்?

நான் உத்தேசமாகப் பேசவில்லை. இருபது வருஷமாகச் சாதாரண ஹெட்போனில் பாட்டுக் கேட்டு வருகிறவன். சமீபத்தில் திருச்செங்கோட்டு நண்பர் ஒருவர், 1970-களில் ஜப்பானில் ஸ்டாக்ஸ் கம்பெனியார் செய்த பழைய நிலைமின் ஹெட்போன் ஒன்றை ஒரு வாரத்துக்கு என்னிடம் கொடுத்து வைத்தார். அதைக் கேட்ட பிறகுதான் இவ்வளவு துணிச்சலாக எழுதுகிறேன்.

சாதாரண ஹெட்போனை டைனமிக் என்கிறார்கள். ஜெர்மனியில் பேயர் என்பவர் 1937-ல் கொண்டுவந்த வகை. அதில் ஒரு சவ்வு, சவ்வின் முதுகில் ஒட்டிய கம்பிச் சுருள், எதிரே ஒரு காந்தம். சுருளில் பாட்டின் மின்சாரம் பாய்ந்தால் சுருள் அசையும். அதனோடு சவ்வும் அசையும். தலையில் குடத்தை வைத்துக்கொண்டு ஆடுவது போலத்தான். கரகாட்டக்காரிக்கு அது பெருமை, சவ்வுக்குச் சுமை. நிலைமின் ஹெட்போனில் இந்தக் குடமே கிடையாது. மைக்ரான் கணக்கில் அளக்கிற, தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்றைத் துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். சவ்வுக்கு 230 வோல்ட் மின்னேற்றம். தகடுகளில் பாட்டு மின்சாரமாக வந்து ஒன்று இழுக்க, ஒன்று தள்ள, சவ்வு முழுவதும் ஒன்றுபோல் அசைகிறது. இந்த ஜாதியில் முதல் ஹெட்போனை ஸ்டாக்ஸ் 1960-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஜப்பானிய வீட்டு மின்சாரம் 100 வோல்ட். ஆகையால் நம் ஊரில் அதற்கு ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். ஆம்ப்ளிபயர் வேண்டும், ஆம்ப்ளிபயருக்கும் ஹெட்போனுக்கும் நடுவே இன்னொரு பெட்டி வேண்டும். இத்தனை சம்பிரமங்களையும் முடித்துவிட்டு மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். கேட்டது பக்கத்து விசைத்தறிதான். இந்த ஹெட்போனின் கூடு திறந்த கூடு. வெளிச் சத்தத்தை அது தடுக்காது. நாலாம் நாள், பராமரிப்பு வேலைக்காக மின்வாரியத்தார் காலையிலிருந்து மாலைவரை மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஊர்த் தறிகள் எல்லாம் நின்றன. இன்வெர்ட்டரின் தயவில் அன்றைக்குத்தான் பாட்டுக் கேட்டேன்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1950-ல் எடுத்த 'மந்திரி குமாரி'யில், ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய பாட்டை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்று லோகநாதன் ஒரு வார்த்தையை முடித்துவிட்டு மூச்சு வாங்குகிற இடம் தெரிந்தது. ஜிக்கியின் குரல் வாத்தியங்களின் மேல் ஒட்டாமல் தனியே நின்றது. பழைய ஒலிப்பதிவின் இரைச்சல்கூடப் பாட்டிலிருந்து பிரிந்து, ஜன்னலுக்கு வெளியே தூறுகிற மழை மாதிரி ஒதுங்கிக்கொண்டது. பிறகு ஒரு வயலின் ஆலாபனை வைத்தேன். வில் தந்தியைத் தொடுகிற கணமும் நாதம் பிறக்கிற கணமும் வேறு வேறு என்று அன்றுதான் என் காதுக்குத் தெரிந்தது.

எல்லாம் மேல் என்று சொல்லிவிட மாட்டேன். மிருதங்கத்தின் தொப்பி என் பழைய ஹெட்போனில்தான் திடமாக விழுகிறது. மின்னேற்றம் உள்ள சவ்வு தூசியை இழுக்கும்; பஞ்சு பறக்கிற ஊரில் இது லேசான குறை அல்ல. ஈரக் காற்றும் அதற்கு ஆகாது. இவற்றை மறைத்துவிட்டு, "பழசுக்கு ஈடு உண்டா?" என்று கண்ணை மூடிக்கொண்டு சொக்குகிற ரசிக சிகாமணிகள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். கம்பிக்கு ஒரு விலை, கம்பி முனைக்கு ஒரு விலை என்று கொடுத்துவிட்டு, பாட்டை விட்டுவிட்டுக் கம்பியைக் கேட்கிறவர்கள். பாஸ் வியாபாரிக்கும் இவர்களுக்கும் நான் அதிக பேதம் காணவில்லை. அவர் இடியை விற்கிறார். இவர்கள் பெட்டியைப் பூஜிக்கிறார்கள். பாடினவரை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

"பணக்கார விளையாட்டு இது, ஏழை ஜனங்களுக்குச் சத்தமாக இருந்தால்தான் பிடிக்கும்" என்று ஒரு வாதம் சொல்லுகிறார்கள். இதைப்போல ஜனங்களை அவமதிக்கிற வாதம் வேறு இல்லை. நாதஸ்வரத்தைத் திருவிழாக் கூட்டத்தில் நின்று ராத்திரி முழுவதும் கேட்டவர்கள் யார்? டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டை ஊரூராக வாங்கிக் கேட்டவர்கள் எல்லாரும் ஜமீன்தார்களா? ருசி இருந்தது. அதன் மேல் மண்ணைக் கொட்டினது வியாபாரம். பழைய பாட்டுக்களைப் 'புதுப்பித்து' வெளியிட்ட ஒரு கம்பெனி, அசலில் இல்லாத டிரம்மைச் சேர்த்து அடித்திருந்ததை நானே காசு கொடுத்து வாங்கிக் கேட்டேன். கோயில் சிற்பத்துக்கு எனாமல் பூசுகிற கைங்கரியம் இது.

இவ்வளவும் ருசியைப் பற்றின சண்டை என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்வேன். ஆனால் காதே போகிற காரியம் ஒன்று இதில் இருக்கிறது.

விசைத்தறிக் கொட்டகைக்குள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமானால் காதருகே வாயை வைத்துக் கத்த வேண்டும். இல்லாவிட்டால் ஜாடை காட்ட வேண்டும். அந்தக் கொட்டகையில் வேலை செய்கிற பையன்கள் காதில் ஹெட்போனைச் செருகிக்கொள்கிறார்கள். தறிச் சத்தத்துக்கு மேலே பாட்டு ஏறினால்தானே கேட்கும்? ஏற்றுகிறார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபல் சத்தமானால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 89-க்கு ஐந்து மணி. 95-க்கு வாரம் முழுவதற்கும் ஒன்றேகால் மணி. நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி வேலைக்கு 90 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45. வீட்டு முன்கட்டிலேயே தறி ஓடுகிற தெருக்களில் இந்த எண்களை யார் அளந்து பார்த்தார்கள்? உட்காதிலுள்ள நுண்மயிர் அணுக்கள் ஒரு முறை செத்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம். இதற்கு முடிச்சும் கிடையாது.

'அப்படியானால் எல்லாரும் ஜப்பானிய ஹெட்போன் வாங்க வேண்டுமா?' என்று கேட்பீர்கள். வேண்டாம். நண்பரின் ஹெட்போனை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் கோரிக்கை சின்னது. தறிக்காரருக்குச் சம்பளத்தோடு காதடைப்பும் கொடுங்கள். ஹெட்போன் பெட்டியின் மேல் எவ்வளவு சத்தத்தில் எத்தனை மணி கேட்கலாம் என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். பழைய பாட்டை அதன் போக்கில் விடுங்கள். இம்மூன்றுக்கும் சவ்வும் வேண்டாம், 230 வோல்ட்டும் வேண்டாம். முடியாது என்கிற வியாபாரி அன்பர் யாராவது இருந்தால், தறி ஓடுகிற ஒரு பகலில் வெண்ணந்தூருக்கு வந்து என்னோடு வாதாடட்டும். அவர் சொல்லுவது என் காதில் விழுந்தால் பதில் சொல்லுகிறேன்.