பிரம்புக் குன்றும் பிளாஸ்டிக் குப்பையும்

மலாய் மொழியில் 'புக்கிட்' என்றால் குன்று. 'ரோத்தான்' என்றால் பிரம்பு. கோலசிலாங்கூர் மாவட்டத்துப் புக்கிட் ரோத்தான், பிரம்பின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர். பிரம்பு கூடையாயிற்று, கூடை சந்தைக்குச் சென்றது, இற்றுப் போனபின் மண்ணோடு மண்ணாயிற்று. இன்றோ அவ்வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களின் கால்வாய்களில் மிதப்பவை பிளாஸ்டிக் பைகளும் நுரைப்பெட்டிகளும் உறிஞ்சு குழல்களுமே. இக்கேட்டிற்குப் பொறுப்பாளி யார் என்ற வினா எழும்போதெல்லாம் ஒரே விடைதான் திரும்பத் திரும்பக் கூறப்படுகிறது: மக்களுக்கு ஒழுக்கமில்லை, கண்ட இடத்தில் எறிகிறார்கள் என்பதே அது. இவ்விடையில் ஓரளவு உண்மை உண்டு. அவ்வளவு உண்மை இருப்பதாலேயே எஞ்சிய பெரும்பகுதியை மறைக்கும் ஆற்றலையும் அது பெற்றுவிடுகிறது. எறிந்த கையைச் சுட்டும் விரல், எறியத்தக்க பொருளையே செய்து குவித்த கையை ஏன் சுட்டுவதில்லை?

முதலில் பொருளின் தன்மையை அறிதல் வேண்டும். பிளாஸ்டிக் என்று பொதுவாகக் கூறப்படுவன யாவும் பாலிமர் எனப்படும் பலபடிச் சேர்மங்கள். சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலிபோல் கோக்கப்படும்போது பாலிமர் பிறக்கிறது. இவ்வுண்மையை 1920ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் ஜெர்மானிய வேதியல் அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர். அதற்காக 1953ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஆராய்ந்த பொருள்களுள் முதன்மையானது ரப்பர். ஆம், சிலாங்கூர்த் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பால்மரத்தைச் சீவி மங்கில் வடித்தெடுத்தார்களே தமிழ்த் தொழிலாளர்கள், அந்த வெள்ளைப் பாலும் ஒரு பாலிமரே. வாழையிலையின் நாரும் பிரம்பின் தண்டும் செல்லுலோஸ் என்னும் பாலிமரால் ஆனவையே. ஆகவே பாலிமர் என்ற சொல்லின்மேல் குற்றமில்லை. இயற்கை செய்த பாலிமரைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உண்டு. எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் மனிதன் செய்த பாலிஎத்திலினையோ பாலிஸ்டைரினையோ அவ்வாறு எளிதில் செரித்து முடிக்கும் உயிர் மண்ணில் இல்லை. அவை வெயிலில் நொறுங்கும், துகளாகும், ஆனால் மறையா.

இந்தச் செயற்கைப் பாலிமர்களுக்கும் தோட்டத் தமிழருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1942ஆம் ஆண்டில் மலாயா சப்பானியர் வசமானபோது நேச நாடுகளுக்கு ரப்பர் கிடைக்காமற் போயிற்று. அமெரிக்கா பெருமுயற்சியுடன் செயற்கை ரப்பர்த் தொழிலை வளர்த்தது. போர் முடிந்தும் அத்தொழில் முடியவில்லை. இயற்கை ரப்பரோடு போட்டியிட்டு அதன் விலையை அழுத்தியது. பால்மரங்கள் விழுந்தன, செம்பனை எழுந்தது. செம்பனையை இந்நாட்டில் முதன்முதலாக வாணிக நோக்கில் பயிரிட்ட தென்னமரம் தோட்டமும் கோலசிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்ததே. பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோகோனியே 1917ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினார். செம்பனைக்குப் பால்மரத்தைப் போல அத்தனை கைகள் தேவைப்படவில்லை. எண்ணெய்க் கிணற்றிலிருந்து பிறந்த பாலிமர் ஒரு தலைமுறையின் பிழைப்பைக் குறைத்தது. அதன் உடன்பிறப்புகள் அடுத்த தலைமுறையின் வாசலில் குப்பையாக வந்து குவிகின்றன.

பொட்டலம் கட்டும் பாலிமர்களுள் தலையாயதான பாலிஎத்திலின் 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவன ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகத் தோன்றியது. கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் பை 1960களில் சுவீடனில் ஸ்டென் குஸ்தாவ் துலின் என்பவரால் வடிவமைக்கப்பட்டது. பானங்களை அடைக்கும் பி.இ.டி. போத்தல் 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அதன்பின் நிகழ்ந்தது வெள்ளமே. 1950 முதல் 2015 வரை உலகில் செய்யப்பட்ட பிளாஸ்டிக் ஏறத்தாழ 830 கோடி டன் என்று 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. அதில் குப்பையானது 630 கோடி டன். அக்குப்பையில் மறுபயன்பாட்டிற்கு உருக்கப்பட்டது 9 விழுக்காடு. எரிக்கப்பட்டது 12 விழுக்காடு. எஞ்சிய 79 விழுக்காடு குப்பைமேடுகளிலும் இயற்கை வெளியிலும் கிடந்தது. பிளாஸ்டிக்கை மிகுதியாக விழுங்கும் துறை பொட்டலத் துறையே. பிற பொருள்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்க, பொட்டலமோ வாங்கிய அன்றே குப்பையாகிறது.

இனி, ஒழுக்கமில்லாத மக்கள் என்னும் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோர் தோட்டத்து லயத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டம் தனியார் நிலம். நகராண்மையின் குப்பை வண்டி பன்னெடுங்காலம் அதன் வாயிலைத் தாண்டவில்லை. லயத்தின் பின்புறம் ஒரு குழி. அதில் இலையும் தாளும் சமையற் கழிவும் விழுந்தன. தீயிட்டால் சாம்பல், விட்டால் எரு. அந்த வழக்கத்தில் ஒழுக்கக்கேடு ஏதுமில்லை. ஒட்டுக்கடையில் நாசி லெமாக்கை வாழையிலையிலும் செய்தித்தாளிலும் மடித்துக் கொடுத்தார்கள். காப்பியை வெறுமையான பால்டின்னில் ஊற்றிக் கயிறு கட்டிக் கொடுத்தார்கள். சோடாப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் கிடைத்தது. இவற்றையெல்லாம் ஒழித்துப் பையையும் நுரைப்பெட்டியையும் கொடுக்க வேண்டுமென்று லயத்து மக்கள் எவரிடமும் மனுச் செய்யவில்லை. பொருள் மாறிற்று, குழி மாறவில்லை. பழைய குழியில் புதிய பொருள் எரிந்தபோது எழுந்தது நஞ்சுப்புகை. பி.வி.சி. போன்ற பொருள்கள் திறந்த வெளியில் எரியும்போது டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. குப்பை வண்டியை அனுப்பாதவர்களே குப்பையை எரிக்காதே என்று அறிவிப்புப் பலகை நட்டால் அதை அறிவுரை என்று கொள்ள முடியுமா?

இரண்டாவதாகக் கூறப்படும் சமாதானம் மறுசுழற்சி. தொட்டியில் போட்டால் போதும், பொருள் மீண்டும் பிறக்கும் என்று சிறுவர்க்கும் கற்பிக்கப்படுகிறது. போத்தலின் அடியில் முக்கோணத்துள் அச்சிட்ட எண்ணைக் காட்டி நம்பிக்கை ஊட்டப்படுகிறது. அந்த எண் பிசினின் வகையைக் குறிப்பது; மறுசுழற்சிக்கு உறுதி கூறுவதன்று. பி.இ.டி. வேறு, பாலிபுரோப்பிலின் வேறு, பாலிஸ்டைரின் வேறு. ஒன்றோடொன்று கலந்து உருக்கினால் தரம் கெடும். சிறு உறைகளின் நிலை இன்னும் மோசம். மூன்றும் கலந்த காப்பித்தூள், உடனடி மீயின் மசாலா, சவர்க்கார நீர் ஆகியவற்றை அடைக்கும் உறையில் பிளாஸ்டிக்கும் அலுமினியப் படலமும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டுள்ளன. அவற்றைப் பிரித்தெடுக்கும் செலவுக்கு முன் கிடைக்கும் பொருளின் மதிப்பு ஒன்றுமில்லை. ஆகவே குப்பை பொறுக்கி வாழும் ஏழைகூட அதைக் குனிந்து எடுப்பதில்லை. மலேசியாவில் 2019ஆம் ஆண்டில் முக்கியப் பிளாஸ்டிக் வகைகளுள் 24 விழுக்காடே மறுசுழற்சிக்குச் சென்றதாக உலக வங்கியின் ஆய்வு கூறிற்று. எஞ்சிய முக்கால் பங்கை ஒழுக்கத்தால் மட்டும் உருக்க முடியாது.

மறுசுழற்சி என்னும் அழகிய பெயரின் மறுபக்கத்தைச் சிலாங்கூர் மாநிலமே கண்டது. 2018ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சீனா அயல்நாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குக் கதவடைத்தது. மேலைநாடுகளின் கழிவு மலேசியத் துறைமுகங்களை நோக்கித் திரும்பிற்று. அவ்வாண்டின் முதல் ஏழு மாதங்களில் மட்டும் 7,54,000 டன் வந்திறங்கியது. கோலலங்காட் மாவட்டத்து ஜெஞ்சாரோமில் உரிமம் பெறாத ஆலைகள் முளைத்தன. விற்கத் தகாத கழிவு இரவில் எரிக்கப்பட்டது. மக்கள் மூச்சுத் திணறினர். ஊரார் ஒன்றுகூடிச் சான்று திரட்டிப் போராடிய பின்னரே ஆலைகள் மூடப்பட்டன. 2020ஆம் ஆண்டு சனவரிக்குள் 150 கொள்கலன் குப்பை 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. தங்கள் நாட்டில் குப்பையை ஒழுங்காகப் பிரித்துத் தொட்டியில் போட்ட மேலைநாட்டு மக்களின் ஒழுக்கம் முடிவில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஜெஞ்சாரோமின் புகையே சாட்சி. ஒழுக்கம் போதுமென்றால் அப்புகை எழுந்திராது.

புக்கிட் ரோத்தானுக்கு அண்மையிலும் இப்பாடம் உண்டு. செம்பனை சூழ்ந்த ஜெராம் வட்டாரத்தில் 2007ஆம் ஆண்டில் பெரிய குப்பை நிரப்பு நிலம் செயல்படத் தொடங்கியது. கிள்ளான் பள்ளத்தாக்கு நகரங்கள் உண்டும் உடுத்தும் எறிந்தவை லாரி லாரியாக இம்மாவட்டம் தேடி வந்தன. பேரங்காடி ஒரு நகரில். அதன் குப்பை மற்றோர் ஊரில். கால்வாயில் விழுவனவோ சிலாங்கூர் ஆற்றையடைந்து, மின்மினிகள் ஒளிரும் கம்போங் குவாந்தானைக் கடந்து, மலாக்கா நீரிணையில் சேர்கின்றன. கோலசிலாங்கூர்க் கரையோரம் சிப்பி எடுத்துப் பிழைக்கும் மீனவனின் சேற்றில் அவை நுண்துகள்களாகத் தங்குகின்றன.

மூன்றாவது வாதம் சற்று வலிமையுடையது. அதை ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. பிளாஸ்டிக் ஏழையின் தோழன் என்பர். கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் ஷாம்புவைச் சிற்றுறையில் அடைத்து விற்கும் முறைக்கு வழிகாட்டியபோது, புட்டி வாங்க இயலாத எளியவரும் வாங்க முடிந்தது. பாலிஎத்திலின் உறை உணவைக் கெடாமற் காக்கிறது; எடை குறைவு; விலை மலிவு. துணிப்பை நெய்யவும் பருத்தி விளைவிக்கவும் நீரும் ஆற்றலும் செலவாகின்றன. புவி வெப்பக் கணக்கில் மெல்லிய பையொன்றுக்கு ஈடாக ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று பிரிட்டிஷ் சுற்றுச்சூழல் முகமை 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இவை உண்மைகள். ஆனால் வாரம் இருமுறை சந்தைக்குச் செல்பவர் ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டில் 131 முறையை எட்டிவிடுவார். நல்ல துணிப்பை அதற்குமேலும் உழைக்கும். மேலும், அக்கணக்கு வெப்பத்தை அளந்ததேயன்றிக் கால்வாய் அடைப்பையும் கடலில் சேரும் துகளையும் அளக்கவில்லை. மலிவு என்பதும் பாதிக் கணக்கே. உறை செய்தவன் தன் செலவை மட்டும் விலையில் சேர்த்தான். அள்ளும் செலவையும் புதைக்கும் செலவையும் புகையால் வரும் நோயின் செலவையும் அவன் சேர்க்கவில்லை. அவற்றை ஊரும் அரசும் ஏழையின் நுரையீரலும் செலுத்துகின்றன. பிறர் தலையில் செலவை ஏற்றிவிட்டு மலிவு என்று மார்தட்டுவது வாணிகத் திறமையாகலாம், நீதியாகாது.

சிலாங்கூர் அரசு 2010ஆம் ஆண்டில் சனிக்கிழமைகளில் பிளாஸ்டிக் பையைத் தவிர்க்கும் இயக்கத்தைத் தொடங்கியது. 2017ஆம் ஆண்டு சனவரி முதல் எல்லா நாள்களிலும் பைக்கு 20 சென் கட்டணம் விதித்தது. நடுவணரசு 2030ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டு ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்கை ஒழிக்கும் திட்டத்தை 2018ஆம் ஆண்டில் அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் 20 சென் யாருடைய பையிலிருந்து போகிறது? வாங்குபவனுடைய பையிலிருந்து. பைக்குள் வைக்கும் பிஸ்கட்டும் எண்ணெயும் சவர்க்காரமும் முன்னரே பிளாஸ்டிக்கால் போர்த்தப்பட்டு வருகின்றனவே, அவற்றிற்கு ஆலை அதிபர் என்ன செலுத்துகிறார்? ஜெர்மனி 1991ஆம் ஆண்டிலேயே பொட்டலத்தைச் சந்தைக்கு அனுப்பியவரே அதைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் ஏற்க வேண்டுமென்று சட்டம் செய்தது. 2003 முதல் ஒருமுறைப் போத்தல்களுக்கும் முன்பணம் வாங்கித் திருப்பித் தருகிறது. தோட்டத்துச் சில்லறைக் கடைக்காரர் சோடாப் போத்தலுக்குச் செய்ததும் இதுவே. தொழில்வளம் மிக்க நாடு சட்டமாக்கிய முறையை, இங்கே பழமை என்று கைவிட்டனர்.

உலக அரங்கிலும் இதே இழுபறிதான். பிளாஸ்டிக் மாசை ஒழிக்கச் சட்டவலிமையுள்ள உடன்படிக்கை காண 2022ஆம் ஆண்டு மார்ச்சில் நைரோபியில் நாடுகள் தீர்மானித்தன. 2024ஆம் ஆண்டில் பூசானிலும் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜெனீவாவிலும் கூடிய பேச்சுகள் உடன்பாடின்றிக் கலைந்தன. உற்பத்திக்கே வரம்பு வேண்டுமென்று பல நாடுகள் கேட்க, எண்ணெய் வள நாடுகள் குப்பை மேலாண்மையை மட்டும் பேசுவோம் என்றன. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைப்போம் என்பதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

ஆலையைக் குறைகூறுவதால் தமிழ்ச் சமுதாயம் தன் கடமையிலிருந்து தப்பிவிட முடியாது. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் நுரைக்குவளையும், திருமண விருந்தில் வாழையிலை போல் பச்சை வண்ணம் பூசிய பிளாஸ்டிக் விரிப்பும் எந்த ஆலை அதிபரின் கட்டளையால் வந்தன? வாழை விளையும் மண்ணில் இலையின் படத்தில் உண்பது பெருமையாகுமா? தமிழக அரசு 2019ஆம் ஆண்டு சனவரி முதல் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடைசெய்து, 2021ஆம் ஆண்டு இறுதியில் மஞ்சப்பையை மீண்டும் முன்னிறுத்தியது. மஞ்சப்பை தூக்கியவனைப் பட்டிக்காட்டான் என்று நகைத்த காலம் ஒன்று உண்டு. இப்போது அரசே அதைப் பரிந்துரைக்கிறது. கோயில் நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தங்கள் வளாகத்தில் நுரைப்பெட்டிக்கு இடமில்லை என்று முடிவு செய்யச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. ஆனால் அத்துடன் நின்றுவிட்டால் சுமை மீண்டும் எளியவன் தலைமேலேயே ஏறும். கோயிலில் வாழையிலையை விரிக்கும் சமுதாயம், பொட்டலத்தை விற்றவனே திரும்பப் பெறவேண்டும் என்ற சட்டத்தையும் கேட்க வேண்டும். தோட்டத்து லயங்களுக்கும் குப்பை வண்டி வரவேண்டும் என்றும் கேட்க வேண்டும். பிரிக்க முடியாத பல்லடுக்கு உறைகளைச் செய்வதையே நிறுத்தச் சொல்லவும் வேண்டும். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருவோரிடம் இம்மூன்றையும் கேட்கலாம். விடை சொல்லாதவரை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

பிரம்பு வெட்டியவர் காட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை என்று பழிப்போர் உண்டு. அவர் நஞ்சையேனும் விட்டுச் செல்லவில்லை. எண்ணெயிலிருந்து பொட்டலம் செய்து விற்றவர் ஆதாயத்தை எடுத்துக்கொண்டு குப்பையை மட்டும் விட்டுச் செல்வாரானால், அதை அள்ளும் கடமை அவருடையதே என்று உரக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொறுப்பு பொருளோடு சேர்ந்தே விற்கப்பட வேண்டும். ஆதாயம் போன வழியே கடமையும் திரும்பச் செல்ல வேண்டும்.